சிஆர்எம்மில் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாவை ஆர் மொழியோடு இணைப்பது எப்படி?

மாதக் கடைசி வந்தால் பல ஆபீஸ்களில் நடப்பது இதுதான். ஒருவர் வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கும் சிஆர்எம்முக்குள் போய் டீல் லிஸ்ட்டை, அதாவது வியாபாரப் பேச்சுகளின் பட்டியலை, சிஎஸ்வி ஃபைலாக இறக்குவார், எக்செலில் திறந்து வேண்டாத ஃபீல்டுகளை அழிப்பார், தேதியைச் சரிசெய்வார், அப்புறம் அதை எஸ்பிஎஸ்எஸ், ஆர் மொழி போன்ற ஒரு புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி ரிப்போர்ட் எடுப்பார். அந்த ரிப்போர்ட் மேனேஜர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் சிஆர்எம்மில் சில டீல்கள் கூடியிருக்கும், சில கைமாறியிருக்கும். "உங்க ரிப்போர்ட்ல 212, எனக்கு ஸ்கிரீன்ல 219 காட்டுதே" என்று கேள்வி வரும். இரண்டு எண்ணும் சரியாகத்தான் இருக்கும், ஆனால் அதை விளக்குவதற்குள் மீட்டிங் முடிந்துவிடும்.

இந்த இறக்கி ஏற்றும் வேலையை ஒழித்து, புள்ளியியல் மென்பொருளே நேராகப் போய் சிஆர்எம்மிலிருந்து டேட்டாவை எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். இணைப்பதுதான் பெரிய வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கொஞ்சம் புரோகிராம் எழுதிப் பழகியவருக்கு ஒரு மதியப் பொழுது போதும். கஷ்டம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது: நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றிலிருந்து, நாளைக்குக் கேட்டாலும் அதே பதிலைச் சொல்லும் ரிப்போர்ட்டை எடுப்பது.

முதலில் யார் யார் என்று பார்த்துவிடலாம். சிஆர்எம் என்பது வாடிக்கையாளர் பற்றிய எல்லாவற்றையும் போட்டு வைக்கும் மென்பொருள்: யார் விசாரித்தார், எப்போது, எந்த சேல்ஸ் ஆள் பேசினார், விலை என்ன சொன்னோம், வியாபாரம் முடிந்ததா இல்லையா. சேல்ஸ்ஃபோர்ஸ், ஹப்ஸ்பாட், ஸோஹோ சிஆர்எம் எல்லாம் இந்த வகை. இந்தக் கட்டுரைக்கு ஸோஹோவை எடுத்துக்கொள்கிறேன், 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009ல் ஸோஹோ ஆன நம்ம சென்னைக் கம்பெனி, அவர்களுடைய சிஆர்எம் 2005ல் வந்தது. மறுபக்கம் ஆர் மொழி: நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு புள்ளியியல் ஆசிரியர்கள் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது, 1.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29ல் வந்தது, காசு கிடையாது. உங்கள் ஆபீஸில் எஸ்பிஎஸ்எஸ், ஸ்டாட்டா, சாஸ் என்று எது இருந்தாலும் இங்கே சொல்லப்போகும் விஷயங்களில் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

இதற்கு முன் ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது உங்களுக்கு வேண்டுமா? இந்த மாதம் எத்தனை டீல், எவ்வளவு ரூபாய், யார் அதிகம் விற்றார், இவ்வளவுதான் தேவை என்றால் சிஆர்எம்முக்குள்ளேயே இருக்கும் ரிப்போர்ட்டும் டாஷ்போர்டும் தாராளமாகப் போதும், வெளியே எதையும் இணைக்க வேண்டாம். ஒரு விசாரணை ஆர்டராக மாற வழக்கமாக எத்தனை நாள் ஆகிறது, விலை ஏற்றியபிறகு ஆர்டர் குறைந்தது உண்மையான சரிவா இல்லை சும்மா ஏற்ற இறக்கமா, இப்போது கையில் இருக்கும் டீல்களில் எவை முடிய வாய்ப்பு அதிகம், இந்த மாதிரிக் கேள்விகள் வரும்போதுதான் புள்ளியியல் மென்பொருள் தேவைப்படுகிறது. எண்ணிச் சொல்வதற்காக ஆர் மொழியை இழுத்து வருவது வீண் வேலை.

கதவு எங்கே இருக்கிறது

சிஆர்எம்முக்குள் நுழைய இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று ஏபிஐ, அதாவது மனிதர்கள் பார்க்கும் ஸ்கிரீன் இல்லாமல் ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமிடம் நேரடியாகக் கேட்டு வாங்கும் வழி. இன்னொன்று ஓடிபிசி டிரைவர், மைக்ரோசாஃப்ட் 1992ல் கொண்டுவந்த பழைய ஏற்பாடு, எந்த டேட்டாபேஸையும் ஒரே விதமாகத் திறக்க உதவுவது. எஸ்பிஎஸ்எஸ்ஸில் டேட்டாபேஸ் விசார்டு என்று ஒன்று இருக்கிறதே, அது ஓடிபிசியை நம்பித்தான் ஓடுகிறது. ஆர் மொழியிலும் டிபிஐ, ஓடிபிசி என்ற இரண்டு பேக்கேஜ்கள் (கூடுதல் கருவித் தொகுப்புகள்) போட்டால் அதே வேலை நடக்கும். சிடேட்டா போன்ற கம்பெனிகள் சிஆர்எம்களுக்கு ஓடிபிசி டிரைவர் விற்கிறார்கள், புரோகிராம் எழுதத் தெரியாதவர்களுக்கு அது வசதி. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த டிரைவரும் உள்ளே ஏபிஐயைத்தான் கூப்பிடுகிறது. நீங்கள் எஸ்க்யூஎல்லில், அதாவது டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியில், ஒரே வரியில் கேட்டது அங்கே நூற்றுக்கணக்கான அழைப்புகளாக மாறலாம், "ஏன் இவ்வளவு ஸ்லோ" என்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். நான் ஏபிஐ பக்கம்தான். என்ன கேட்டோம், என்ன வந்தது என்பது கண்ணுக்குத் தெரியும்.

கதவைத் திறக்க சாவி வேண்டும். ஸோஹோவின் ஏபிஐ கன்சோலில் போய் செல்ஃப் கிளையன்ட் என்று ஒன்றை உருவாக்கினால், கிளையன்ட் ஐடியும் ஒரு ரகசியச் சொல்லும் கிடைக்கும். அங்கேயே எந்தெந்த உரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் ஒரு தற்காலிகக் குறியீடு வரும், சில நிமிடமே உயிரோடு இருக்கும், அதற்குள் அதைக் கொடுத்து டோக்கன், அதாவது நுழைவுச் சீட்டு, வாங்கிவிட வேண்டும். டோக்கனிலும் இரண்டு வகை. ஆக்சஸ் டோக்கன் ஒரு மணி நேரத்தில் காலாவதி ஆகிவிடும். ரிஃப்ரெஷ் டோக்கன் நீங்களாக ரத்து செய்யும்வரை இருக்கும், அதைக் காட்டி ஒவ்வொரு முறையும் புதிய ஆக்சஸ் டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். உரிமை கேட்கும்போது டீல்களைப் படிக்க மட்டும் அனுமதி கேளுங்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று எழுதும், அழிக்கும் உரிமைகளையும் சேர்த்து வாங்குவது ரிப்போர்ட் எடுப்பவருக்கு அவசியமே இல்லாத ஆபத்து.

இன்னொரு சின்னச் சங்கதி, புதியவர்கள் இங்கே நன்றாகவே முட்டிக்கொள்வார்கள். ஸோஹோவுக்குப் பல நாடுகளில் தனித்தனி டேட்டா சென்டர்கள். உங்கள் கணக்கு இந்திய டேட்டா சென்டரில் இருந்தால் முகவரி 'டாட் இன்' என்று முடிய வேண்டும், இணையத்தில் கிடைக்கும் உதாரணங்கள் பெரும்பாலும் 'டாட் காம்' முகவரியோடு இருக்கும். அதை அப்படியே காப்பி அடித்தால் சாவி சரியாக இருந்தும் கதவு திறக்காது.

இந்த ரகசியச் சொற்களை புரோகிராமுக்குள் எழுதி வைக்காதீர்கள், அந்த ஃபைலை யாருக்காவது மெயிலில் அனுப்பினால் கூடவே சாவியும் போய்விடும். ஆர் மொழியில் இதற்கென்றே ஆர்என்விரான் என்ற தனி ஃபைல் உண்டு, அதில் வைத்து பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் ஹெச்டிடிஆர்2 என்ற பேக்கேஜை வைத்து ஏபிஐயைக் கூப்பிட வேண்டியது, ஜேசன் என்ற எழுத்து வடிவில் வரும் பதிலைப் பிரித்து அட்டவணையாக்க வேண்டியது, அவ்வளவுதான்.

200 என்ற எண்ணைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்

முதல் தடவை டேட்டா வந்து விழுந்ததும் ஒரு சந்தோஷம் வரும். அந்தச் சந்தோஷத்தில் எத்தனை வரிசை வந்திருக்கிறது என்று பார்க்காமல் விட்டுவிடுவார்கள். ஸோஹோ ஒரு அழைப்புக்கு அதிகபட்சம் 200 ரெக்கார்டுதான் தரும். பதிலின் கடைசியில் இன்னும் இருக்கிறதா என்று ஆம் அல்லது இல்லை என ஒரு குறிப்பு இருக்கும், ஆம் என்றால் அடுத்த பக்கத்தைக் கேட்க வேண்டும், இல்லை என்று வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதை எழுதாமல் விட்டால் எந்த எர்ரரும் வராது, 200 டீலை வைத்து சராசரி போடும், அழகாக கிராஃப் வரையும், எல்லாமே சரியாக இருப்பதுபோலவே தெரியும். சேல்ஸ்ஃபோர்ஸில் இதே கதை 2000 என்ற எண்ணோடு. உங்கள் டேட்டாவில் சரியாக 200, 2000 என்று முழு எண்ணாக வரிசைகள் வந்தால் முதல் வேலையாக அதைத்தான் பாருங்கள்.

பக்கம் பக்கமாக எடுக்கும்போது வரிசைப்படுத்துவதும் முக்கியம். கடைசியாக மாற்றியது முதலில் என்ற வரிசையில் எடுக்கிறீர்கள், நீங்கள் மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போது ஏழாம் பக்கத்தில் இருந்த டீலை யாரோ திறந்து ஒரு எழுத்தைத் திருத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டீல் முதல் பக்கத்துக்குத் தாவிவிடும், இடையில் உள்ளதெல்லாம் ஒரு படி கீழே இறங்கும். விளைவு, ஒரு டீல் இரண்டு முறை வரும், தாவிய டீல் வரவே வராது. ஐடி வரிசையில், சிறியதிலிருந்து பெரியதுக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை, புதிதாகச் சேர்வது கடைசியில்தான் வந்து நிற்கும். டேட்டா ரொம்பப் பெரிது என்றால் பல்க் ரீட் என்று தனி ஏபிஐ இருக்கிறது, மொத்தமாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் சிஎஸ்வியாகத் தயார்செய்து கொடுக்கும்.

ஐடி என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஸோஹோவின் ரெக்கார்டு ஐடிகள் 18, 19 இலக்கம் வரை நீள்பவை. ஆர் மொழி சாதாரண எண்ணாகப் படித்தால் 9,007,199,254,740,992 வரைக்கும்தான் ஒவ்வொரு முழு எண்ணையும் பிசகில்லாமல் வைத்திருக்க முடியும், அது 16 இலக்கம். எக்செல் இன்னும் மோசம், 15 இலக்கத்துக்கு மேல் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடும். சிஎஸ்வியைப் படிக்கும்போது ஐடியை எண் என்று மென்பொருள் ஊகித்துக்கொண்டால் கடைசி இலக்கங்கள் மாறி, பக்கத்துப் பக்கத்து இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரே ஆளாகிவிடுவார்கள், ஒரு எச்சரிக்கையும் வராது. ஐடியை எப்போதும் எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள், அதில் கூட்டல் கழித்தல் செய்யப்போவதில்லையே. சேல்ஸ்ஃபோர்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு விதமான தலைவலி: அங்கே ரிப்போர்ட்டில் வரும் ஐடி 15 எழுத்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும், ஏபிஐ தருவது 18 எழுத்து. எக்செலில் ஐடியைத் தேடிப் பொருத்தும் விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலாவோ அந்த வித்தியாசத்தைப் பார்க்காது.

தேதியில் இன்னொரு கண்ணி. ஸோஹோவில் ஒரு லீட், அதாவது புதிதாக வந்த விசாரணை, உருவான நேரம் 2025 ஏப்ரல் 1, அதிகாலை 2 மணி, கூடவே பிளஸ் 5:30 என்ற இந்திய நேரக் குறிப்போடு வருகிறது. ஆர் மொழியில் லூப்ரிடேட் பேக்கேஜ் அதைப் படிக்கும்போது உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, மார்ச் 31 இரவு 8:30 என்று வைத்துக்கொள்ளும். அதுவும் சரிதான், ஒரே கணம்தான். ஆனால் அடுத்த வரியில் தேதியை மட்டும் வெட்டி எடுத்தீர்கள் என்றால் அந்த லீட் மார்ச் மாதக் கணக்கில் விழும், அதாவது போன நிதியாண்டில். ராத்திரி 2 மணிக்கு யார் விசாரிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், வெப்சைட் ஃபார்ம் தூங்குவதில்லை. நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை வந்த அத்தனை லீட்டும் இப்படி முந்தின நாளுக்குப் போய்விடும். தேதியை வெட்டும் முன் ஏசியா/கொல்கத்தா நேரத்துக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

வாடிக்கையாளர் பெயரைத் தமிழிலேயே பதிந்து வைத்திருக்கிறீர்களா? நல்ல விஷயம். விண்டோஸில் ஆர் மொழி 4.2க்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் அதைப் புதுப்பித்துவிடுங்கள். 2022ல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் விண்டோஸிலும் தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தையும் வைக்கும் யூடிஎஃப்-8 முறை இயல்பாக ஆனது, அதற்கு முன் முருகேசன் என்ற பெயர் கோணல் அடைப்பும் எண்ணுமாக சிதறி நிற்கும்.

லைவ் என்றால் எவ்வளவு லைவ்?

இங்கேதான் பலர் ஆசைப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள். ரிப்போர்ட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சிஆர்எம்மிலிருந்து புத்தம்புதிதாக எடுக்க வேண்டும் என்பார்கள். தொழில்நுட்பத்தில் முடியும். ஆனால் ஏபிஐ அழைப்புகளுக்கு 24 மணி நேரத்துக்கு இவ்வளவு கிரெடிட் என்று அளவு வைத்திருக்கிறார்கள், உங்கள் பிளானையும் யூசர் எண்ணிக்கையையும் பொறுத்தது. உங்கள் ரிப்போர்ட் அதைக் குடித்துத் தீர்த்தால், வெப்சைட்டிலிருந்து லீட்டைக் கொண்டுவந்து சேர்க்கும் இணைப்பும் சேர்ந்து நின்றுபோகலாம். ரிப்போர்ட்டுக்காக வியாபாரத்தை நிறுத்துவதில் என்ன புத்திசாலித்தனம்?

கிரெடிட்டை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சிஆர்எம் ரேஷன் கடை இருப்புப் பலகை மாதிரி: இன்றைக்கு எவ்வளவு என்பதுதான் அதில் இருக்கும், நேற்றைய எண்ணை அழித்துவிட்டுத்தான் இன்றையதை எழுதுவார்கள். ஒரு டீலின் தொகை 8 லட்சம் என்றிருந்தது, பேரம் பேசி 6 லட்சம் ஆனது, இப்போது கேட்டால் 6 லட்சம் என்றுதான் பதில் வரும். ஒரு சேல்ஸ் ஆள் வேலையை விட்டுப் போகிறார், அவருடைய டீல்களையெல்லாம் இன்னொருவர் பெயருக்கு மாற்றுகிறார்கள், அவ்வளவுதான், போனவர் இரண்டு வருஷம் உழைத்தது முழுக்க வந்தவர் கணக்கில் ஏறிவிடும். நேரடி இணைப்பை மட்டும் நம்பி "ஆள்வாரியாக விற்பனை" என்று ரிப்போர்ட் எடுத்தால் போன வருஷ ரிப்போர்ட் இந்த வருஷம் வேறு எண்ணைக் காட்டும். டீல் எந்தெந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தது என்ற வரலாறு ஸோஹோவில் ஸ்டேஜ் ஹிஸ்டரியாகத் தனியாக இருக்கிறது, அது கைகொடுக்கும், மற்ற எல்லா ஃபீல்டுக்கும் அப்படி எதிர்பார்க்க முடியாது.

அதனால் நான் சொல்வது: தினமும் ராத்திரி ஒரு முறை, ஆபீஸ் அடங்கியபிறகு, டேட்டாவை எடுத்து, எடுத்த தேதியும் நேரமும் போட்டு ஒரு ஃபைலாகச் சேமியுங்கள். பழைய ஃபைலை அழிக்காதீர்கள். பத்தாயிரம் டீலும் இருபது ஃபீல்டும் கொண்ட அட்டவணை ஒன்றும் பெரிய இடத்தை அடைக்காது, பார்க்கே என்ற சுருக்கிச் சேமிக்கும் ஃபைல் வடிவத்தில் வைத்தால் இன்னும் சுருங்கும். ரிப்போர்ட் சிஆர்எம்மைத் தொடவே கூடாது, இந்த ஃபைலைத்தான் படிக்க வேண்டும். ரிப்போர்ட்டின் தலையில் "இந்த டேட்டா இன்ன தேதி இரவு இத்தனை மணிக்கு எடுத்தது" என்று தெளிவாக ஒரு வரி. 212ஆ 219ஆ என்ற சண்டை அந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும், போன மாதம் 14ம் தேதி நிலவரம் என்ன என்று யாராவது கேட்டால் அந்த ஃபைலையும் எடுத்து நீட்டலாம். சிஆர்எம்மிடம் அதைக் கேட்டால் அதற்குத் தெரியாது.

தினமும் தானாக ஓட வைக்க விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர், லினக்ஸில் கிரான். ரிப்போர்ட்டுக்கு, எழுத்தையும் ஆர் கணக்கையும் ஒரே ஃபைலில் சேர்த்துத் தரும் குவார்ட்டோ. இதெல்லாம் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

டேட்டா பெருத்துவிட்டால் ஒவ்வொரு ராத்திரியும் முழுசாக எடுக்காமல், நேற்றிலிருந்து மாறியதை மட்டும் கேட்கலாம், எல்லா ரெக்கார்டிலும் மாற்றிய நேரம் இருக்கிறதே. கேட்கும்போது போன முறை நிறுத்திய இடத்திலிருந்து பத்து நிமிடம் பின்னால் போய்க் கேளுங்கள், விளிம்பில் விழுந்தது தப்பாது, இரண்டு முறை வந்தால் ஐடியை வைத்து ஒன்றாக்கிவிடலாம். ஒன்று மட்டும் இதில் பிடிபடாது, அழிக்கப்பட்ட டீல். அழிந்தது மாறியதின் பட்டியலில் வராது, உங்கள் ஃபைலில் பேயாக உட்கார்ந்து கூட்டலில் சேர்ந்துகொண்டே இருக்கும். அழிக்கப்பட்டவற்றுக்குத் தனி அழைப்பு உண்டு, அதையும் சேர்த்துக் கூப்பிடுங்கள், வாரம் ஒருமுறை முழுசாக எடுத்து ஒப்பிட்டால் இன்னும் நிம்மதி.

இனிதான் புள்ளியியல்

கோவையில் மோட்டார் பம்ப்செட் செய்து விற்கும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம், எண்களும் நானே வைத்துக்கொண்டவை. ஜனவரியில் 100 விசாரணை வந்தது, 30 ஆர்டரானது, 50 கைநழுவியது, 20 இன்னும் பேச்சுவார்த்தையில். மார்ச்சில் 100 விசாரணை, மாதக் கடைசியில் பார்த்தால் 10 ஆர்டர், 15 கைநழுவல், 75 இன்னும் திறந்தே கிடக்கிறது. வெற்றி விகிதம் என்ன? வந்த மொத்தத்தால் வகுத்தால் ஜனவரி 30 சதவீதம், மார்ச் 10 சதவீதம், ஐயோ விற்பனை படுத்துவிட்டது. முடிந்ததால் மட்டும் வகுத்தால் ஜனவரி 80க்கு 30, அதாவது 37.5 சதவீதம், மார்ச் 25க்கு 10, அதாவது 40 சதவீதம், அடடா முன்னேற்றம். ஒரே டேட்டா, இரண்டு நேரெதிர் செய்தி, இரண்டையுமே நம்ப முடியாது. முதலாவது, மார்ச் டீல்களுக்கு முடிய நேரமே கொடுக்காமல் மார்க் போடுகிறது. இரண்டாவதில் வேறு கோளாறு: ஆர்டர் கிடைத்தால் சேல்ஸ் ஆள் அன்றைக்கே சிஆர்எம்மில் பதிவார், போய்விட்ட டீலை மூட அவருக்கு மனசு வராது, வாரக்கணக்கில் திறந்தே வைத்திருப்பார். அதனால் புதிய மாதங்களின் விகிதம் எப்போதுமே கொஞ்சம் ஊதித்தான் தெரியும்.

லைவ் டேட்டாவின் இயல்பே இதுதான், அதில் ஒரு பகுதி எப்போதும் பாதியில் நிற்கும். பாதியில் நிற்பதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதை மருத்துவப் புள்ளியியல்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் எத்தனை நாள் வாழ்கிறார்கள் என்று ஆராயும்போது, ஆய்வு முடியும் நாளில் பலர் உயிரோடுதான் இருப்பார்கள், அவர்களைத் தள்ளவும் முடியாது, இறந்தவராக எண்ணவும் முடியாது. எட்வர்ட் கப்லானும் பால் மேயரும் 1958ல் வெளியிட்ட முறை, "இவர் குறைந்தது இத்தனை நாள் இருந்தார்" என்ற அரைகுறைத் தகவலையும் வீணாக்காமல் பயன்படுத்துகிறது. உங்கள் திறந்த டீலும் அப்படித்தான்: 22 நாள் ஆகியும் முடியவில்லை என்பதே ஒரு தகவல். ஆர் மொழியை நிறுவும்போதே கூடவே வரும் சர்வைவல் பேக்கேஜில் இது இருக்கிறது. ஆர்டராவது, கைநழுவுவது என்று முடிவு இரண்டு விதம் என்பதால் வெறும் கப்லான் மேயரை விட, ஒன்று நடந்தால் மற்றது நடக்காத இப்படிப்பட்ட 'போட்டி முடிவுகளை'க் கையாளும் வகைதான் சரி, அதையும் அதே பேக்கேஜ் செய்யும். வரும் பதில் இப்படியிருக்கும்: விசாரணை வந்து 30 நாளுக்குள் ஆர்டராகும் வாய்ப்பு ஜனவரிக்கு இவ்வளவு, மார்ச்சுக்கு இவ்வளவு. இதை ஒப்பிடலாம். சிஆர்எம்மின் டாஷ்போர்டு பொதுவாக இதைத் தராது, இணைப்புக்குச் செலவழித்த நேரம் இந்த இடத்தில்தான் திரும்பக் கிடைக்கிறது.

இரண்டு அட்டவணைகளைச் சேர்க்கும்போது கூட்டல் ஊதிப்போவது இன்னொரு பழைய நோய். 5 லட்ச ரூபாய் டீல் ஒன்று, அதில் மூன்று வகை பம்ப். டீல் அட்டவணையையும் பொருள் அட்டவணையையும் இணைத்தால் அந்த டீல் மூன்று வரிசையாகும், ஒவ்வொன்றிலும் 5 லட்சம் இருக்கும், கூட்டினால் 15 லட்சம். இணைப்பதற்கு முன்னும் பின்னும் டீல் தொகையின் மொத்தத்தைப் பார்த்து, மாறியிருந்தால் புரோகிராம் அங்கேயே நிற்கும்படி ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அதே மாதிரி ஸ்டேஜ் பெயர்கள். ஸோஹோவில் இயல்பாகவே குளோஸ்டு லாஸ்ட் என்று ஒன்றும், குளோஸ்டு லாஸ்ட் டு காம்படிஷன் என்று இன்னொன்றும் இருக்கிறது, ஒன்றை மட்டும் எண்ணினால் போட்டிக் கம்பெனியிடம் தோற்றதெல்லாம் கணக்கில் வராது. நாளைக்கு அட்மின் புதிதாக ஒரு ஸ்டேஜ் சேர்ப்பார், உங்களிடம் சொல்ல மாட்டார், சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் தோன்றாது. ஆர் மொழியில் ஸ்டேஜ்களை முன்கூட்டியே பட்டியலிட்டு ஃபாக்டராக (பட்டியலில் உள்ள மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகையாக) வைத்திருந்தால், பட்டியலில் இல்லாத புதிய ஸ்டேஜ் சத்தமில்லாமல் காலி மதிப்பாக மாறிவிடும். தெரியாத பெயர் வந்தால் நின்று கத்தும்படி எழுதுவதே நல்லது. டீல் என்ற பகுதியின் பெயரையே திரையில் ஆர்டர் என்று மாற்றி வைத்தால் கவலையில்லை, ஏபிஐக்குள் பழைய பெயர்தான் இருக்கும்.

டேட்டா யாருடையது

நீங்கள் எடுப்பது உண்மையான மனிதர்களின் விவரம். வெற்றி விகிதம் போட போன் நம்பர் தேவையா, மெயில் ஐடி தேவையா? தேவையில்லை என்றால் ஏபிஐயிடம் கேட்கவே கேட்காதீர்கள். எப்படியும் ஸோஹோவின் புதிய ஏபிஐ பதிப்புகளில் எந்தெந்த ஃபீல்டு வேண்டும் என்று பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது, ஒரு அழைப்புக்கு 50 வரை, அதனால் இந்த ஒழுக்கம் தானாகவே வந்துவிடும். தினமும் ராத்திரி நகல் எடுத்து வைக்கும் ஏற்பாட்டில் இது இன்னும் முக்கியம். 2023ல் இயற்றப்பட்ட எண்ம முறை தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒருவர் தன் விவரத்தை அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை இருக்கிறது, சிஆர்எம்மில் ஒரே கிளிக்கில் அழித்துவிடலாம், உங்களுடைய முந்நூறு பழைய ஃபைலில் போய் எப்படி அழிப்பீர்கள்? பெயரும் நம்பரும் அங்கே இல்லாமலிருந்தால் இந்தத் தலைவலி பெருமளவு குறையும்.

கடைசியாக, எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் திடீரென்று நிற்கும் விஷயம். டோக்கன் ஒரு யூசரின் பெயரில்தான் வாங்கப்படுகிறது, அவருக்கு என்னென்ன தெரியுமோ அதுதான் ரிப்போர்ட்டுக்கும் தெரியும். மதுரை கிளை டீல்களைப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லையென்றால் ரிப்போர்ட்டில் மதுரை இருக்காது, எர்ரரும் வராது. அவர் வேலையை விட்டுப் போய் கணக்கை முடக்கிவிட்டால் அன்று ராத்திரியோடு ரிப்போர்ட்டும் முடிந்தது. ரிப்போர்ட்டுக்கென்றே தனி யூசர் ஒன்றை, எல்லாக் கிளையையும் பார்க்கும், எதையும் மாற்ற முடியாத உரிமையோடு உருவாக்கி வைப்பதுதான் இதற்கு வழி. அதற்கு ஒரு லைசன்ஸ் கூடுதலாகப் போகும். வேலையை ஆரம்பிக்கும்போதே அந்தச் செலவை முதலாளியிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள், பாதி வழியில் போய்க் கேட்டால் "இதுவரைக்கும் சும்மாதானே ஓடிச்சு" என்பார்.